சுற்றுப்பயணமும் குரல்தேர்வும்: ஃபிஸ்க் பல்கலைக்கழகப் பாடகர் குழு (1871) முதல் ஆடவர் நால்வர் குழு (1909) வரை

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் மாணவர் பாடகர் குழு 1871-ஆம் ஆண்டில் நிதி திரட்டுவதற்காக இசைச் சுற்றுப்பயணம் மேற்கொண்டது. அடிமைக்காலச் சமயப் பாடல்களை உலகறியச் செய்த நிகழ்வாக இப்பயணத்தை ஒரு சாரார் போற்றுகின்றனர். அப்பாடல்களின் இயல்பைக் கச்சேரி மேடைக்கேற்ப மாற்றிவிட்டதாக மற்றொரு சாரார் குறைகூறுகின்றனர். இவ்விரு மதிப்பீடுகளும் பாடலின் தூய்மையையே மையமாகக் கொண்டவை. பாடியவர் யார் என்னும் வினாவுக்கு அவற்றில் உரிய இடம் இல்லை. 1871-இல் புறப்பட்ட ஒன்பதின்மரில் ஐவர் பெண்கள். 1909-இல் அதே பல்கலைக்கழகத்தின் பெயரால் இசைத்தட்டில் பாடியவர்கள் நான்கு ஆடவர்கள். இம்மாற்றத்தைச் சுற்றுப்பயணம் என்னும் அமைப்போடு தொடர்புபடுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஃபிஸ்க் பல்கலைக்கழகம், ஜூபிலி பாடகர், ஆடவர் நால்வர் குழு, ஸ்பிரிச்சுவல், இசைச் சுற்றுப்பயணம், எல்லா ஷெப்பர்டு, சோரா நீல் ஹர்ஸ்டன்

1. முன்னுரை

பாடகர் குழு ஒன்று ஊர்விட்டு ஊர் சென்று பாடுவதை, முன்பே உருவான ஓர் இசையைப் புதிய செவிகளுக்குக் கொண்டுசெல்லும் செயலாகக் கருதுவது பொதுவழக்கு. பயணத்தை இசைக்குப் புறம்பான ஊர்தியாக மட்டுமே இக்கருத்து காண்கிறது. ஆனால் எத்தனை பேர் செல்வது, எதைப் பாடுவது, யார் முன்னிலையில் பாடுவது, ஈட்டிய பொருளை எதற்குச் செலவிடுவது ஆகியவற்றைப் பயணமே முடிவுசெய்கிறது. அம்முடிவுகள் இசையின் உள்ளே புகுந்து அதன் வடிவை மாற்றுகின்றன.

பரிசில் நாடிச் சென்ற கலைஞர்களைப் பாணாற்றுப்படை, விறலியாற்றுப்படை என இருபாலாரையும் சுட்டும் துறைப்பெயர்களால் அறிந்த தமிழ் ஆய்வுலகிற்கு இவ்வினா புதியதன்று. வழிநடந்தவருள் பெண் இருந்தாள் என்பதைத் துறைப்பெயரே அங்குக் காத்துவைத்திருக்கிறது. ஃபிஸ்க் குழுவின் வரலாற்றில் அத்தகைய பெயர்க்காப்பு இல்லை. 'ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்' என்னும் ஒரே பெயர் 1871-இன் கலப்புக் குழுவிற்கும் 1909-இன் ஆடவர் குழுவிற்கும் வழங்கியமையால், இடையில் நிகழ்ந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

குஸ்டாவஸ் பைக் 1873-இல் வெளியிட்ட பயண நூல், டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் 1903-இல் எழுதிய கட்டுரை, 1909-இன் ஒலிப்பதிவு, எல்லா ஷெப்பர்டு 1911-இல் எழுதிய நினைவுக்குறிப்பு, சோரா நீல் ஹர்ஸ்டன் 1934-இல் வெளியிட்ட மறுப்பு ஆகிய ஐந்தும் இக்கட்டுரையின் முதன்மைத் தரவுகளாக அமைகின்றன.

2. பயணத்தின் தேவையும் தொடக்கமும்

உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டான 1866-இன் ஜனவரியில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கான பள்ளியாக நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் படை மருத்துவமனையாக இருந்த மரக்கொட்டகைகளே அதன் முதற் கட்டடங்கள். அமெரிக்க மிஷனரி சங்கம் அதற்குத் துணைநின்றது. 1867-இல் பல்கலைக்கழகமாகப் பதிவு பெற்றபோதும் அதன் நிதிநிலை சீரடையவில்லை. 1871-இல் நிறுவனத்தை மூடிவிடலாமா என்று எண்ணும் அளவிற்குக் கடன் பெருகியது.

அந்நிலையில் பொருளாளராகவும் இசை ஆசிரியராகவும் இருந்த ஜார்ஜ் ஒயிட், மாணவர் குழு ஒன்றை வடமாநிலங்களுக்கு அழைத்துச் செல்ல முன்வந்தார். 1871 அக்டோபர் 6 அன்று குழு நாஷ்வில்லிலிருந்து புறப்பட்டது. எல்லா ஷெப்பர்டு, மேகி போர்ட்டர், ஜென்னி ஜாக்சன், மின்னி டேட், எலைசா வாக்கர் ஆகிய ஐந்து பெண்களும், தாமஸ் ரட்லிங், பெஞ்சமின் ஹோம்ஸ், ஐசக் டிக்கர்சன், கிரீன் எவன்ஸ் ஆகிய நான்கு ஆண்களும் அதில் இடம்பெற்றனர். இவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அடிமைகள் வடக்கே தப்பிச் செல்ல உதவிய மறைவழிகள் இருந்த ஓஹியோ மாநிலத்தின் ஊர்களே முதற்கட்டப் பயணத்தில் இடம்பெற்றன.

தொடக்கம் நம்பிக்கை தருவதாக இல்லை. பல இடங்களில் தங்கும் விடுதிகள் இவர்களை ஏற்க மறுத்தன. கட்டணமாகவும் காணிக்கையாகவும் கிடைத்த தொகை வழிச்செலவுக்கே போதவில்லை. குழு புறப்பட்ட இரண்டொரு நாளில் சிகாகோ நகரில் பெருந்தீ மூண்டது. தொடக்க நிகழ்ச்சி ஒன்றில் கிடைத்த ஏறத்தாழ 50 டாலரைக் குழுவினர் அத்தீயில் வீடிழந்தவர்களுக்கு வழங்கிவிட்டனர். தம் பள்ளியின் கடனைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் முதலில் ஈட்டியதைப் பிறர்க்கு அளித்தமை, இவர்கள் இரவலராக மட்டும் மேடையேறவில்லை என்பதைக் காட்டுகிறது.

குழுவிற்குப் பெயர் வாய்த்ததும் ஓஹியோவிலேயே. விவிலியத்தின் லேவியர் நூல் கூறும் யூபிலி ஆண்டு, அடிமைகள் விடுவிக்கப்படும் ஆண்டு. கொலம்பஸ் நகரில் தங்கியிருந்தபோது அதனையொட்டி ஒயிட் குழுவிற்கு 'ஜூபிலி பாடகர்' என்று பெயரிட்டார்.

3. அறையிலிருந்து அரங்கிற்கு

இக்குழுவின் புகழுக்குக் காரணமான அடிமைக்காலச் சமயப் பாடல்கள் ('ஸ்பிரிச்சுவல்') தொடக்கத்தில் நிகழ்ச்சியின் உயிர்நாடியாக இருக்கவில்லை. அக்காலத்து மேடைப்பாடல்களும் தேவாலயச் சேர்ந்திசைகளும் பெரும்பகுதியை நிரப்பின. அடிமைக்காலப் பாடல்கள் ஓரிரண்டு இடையிலோ இறுதியிலோ பாடப்பட்டன. அவற்றைக் கேட்டபோது அவையினர் கொண்ட உணர்ச்சிப் பெருக்கு படிப்படியாக நிரலைத் தலைகீழாக்கியது. 1871 நவம்பரில் ஓபர்லின் நகரில் காங்கிரிகேஷனல் திருச்சபைகளின் தேசிய மன்றத்தின் முன் பாடியதும், டிசம்பரில் புரூக்ளினில் ஹென்ரி வார்டு பீச்சரின் தேவாலயத்தில் பாடியதும் திருப்புமுனைகளாயின. 1872-இல் குழு வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில் பாடியது.

இம்மாற்றத்தை அவையினரின் விருப்பம் நிறைவேறிய கதையாக மட்டும் கூறுவது குறையுடையது. இப்பாடல்களைப் பொதுவில் பாடப் பாடகர்கள் தயங்கினர். அவை அடிமைத்தனத்தின் நினைவோடு பிணைந்தவை என்றும், தம் பெற்றோர் வழிபாட்டில் பாடிய புனிதப் பாடல்கள் என்றும், அவற்றை மேடையேற்றும் எண்ணமே முதலில் தங்களுக்கு இல்லை என்றும் ஷெப்பர்டின் நினைவுக்குறிப்பு கூறுகிறது. ஒயிட்டின் வீட்டில் கதவடைத்த அறையில், தரையில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் ஒருவரிடமிருந்து ஒருவர் அப்பாடல்களைக் கற்றுக்கொண்டதையும் அவர் பதிவுசெய்கிறார்.

கறுப்பின மக்களின் பாடல் என்றால் முகத்தில் கரிபூசிய வெள்ளையரின் கேலிக்கூத்தையே வடமாநில அவையினரில் பலர் அறிந்திருந்தனர். புரூக்ளின் நிகழ்ச்சிக்குப் பின் நியூயார்க் இதழ் ஒன்று இக்குழுவைப் பீச்சரின் கூத்துக்குழு என்னும் பொருள்பட எள்ளியது. இச்சூழலில் பெற்றோரின் வழிபாட்டுப் பாடலை மேடையில் பாடுவது கேலிக்குத் தம்மைத் தாமே ஒப்புக்கொடுப்பதாக முடியலாம். குழுவின் பாடுமுறையை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். ஒயிட் மென்மையான தொடக்கத்தையும் குரல்களின் முழு இசைவையும் தெளிவான உச்சரிப்பையும் இடைவிடாப் பயிற்சியால் உருவாக்கினார். உடலசைவும் கைதட்டலும் விலக்கப்பட்டன. ஐரோப்பிய இசைச்சுவையின் தாக்கம் இதில் உண்டு. கூத்தாடிகள் அல்லர் என்று நிறுவவேண்டிய நெருக்கடியும் இதில் உண்டு. முன்னதை மட்டும் காணும் திறனாய்வு பாடகர்களின் நிலையைக் காணத் தவறுகிறது.

பியானோ வாசித்தவரும், பயிற்சியில் ஒயிட்டுக்கு உதவியவரும், பாடல்கள் பலவற்றைச் சேர்த்து ஒழுங்குபடுத்தியவரும் எல்லா ஷெப்பர்டு ஆவார். 1851-இல் அடிமைத்தாய்க்குப் பிறந்த அவரைத் தந்தை விலை கொடுத்து மீட்டார். தாய் அடிமைத்தளையிலேயே விடப்பட்டார். பிரிவையும் மீட்சியையும் பாடும் பாடல்களைத் தேர்ந்து அடுக்கியவரின் வாழ்வே அவ்வாறு அமைந்திருந்தது. பயணத்தின் முதல் தேர்வு, அதாவது அறையில் ஒலித்த பாடலை அரங்கிற்குக் கொண்டுவந்த தேர்வு, நெருக்கடியிலும் தயக்கத்திலும் எடுக்கப்பட்டதாயினும் பாடியவர்கள் பங்கேற்று எடுத்த முடிவாகும்.

4. பணக்கணக்கும் நினைவுக்கணக்கும்

முதற் பயணம் 20,000 டாலர் ஈட்டியது. கடன் தீர்ந்தது, பல்கலைக்கழகம் இன்றிருக்கும் நிலம் வாங்கப்பட்டது. அடுத்த பயணங்கள் பிரித்தானியாவிற்கும் ஐரோப்பாவிற்கும் விரிந்தன. 1876 ஜனவரியில் 'ஜூபிலி மண்டபம்' திறக்கப்பட்டது. ஏழாண்டுகளில் 1,50,000 டாலர் திரட்டப்பட்டது என்று டூபாய்ஸ் குறிப்பிடுகிறார்.

பைக்கின் நூல் தன் தலைப்பிலேயே இப்பயணத்தை இருபதாயிரம் டாலருக்கான இயக்கமாக அறிவிக்கிறது. அமெரிக்க மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த பைக், கொடை தந்தவர்களும் தரவிருப்பவர்களும் படிப்பதற்காக எழுதினார். எந்த ஊரில் எவ்வளவு கிடைத்தது, எந்தப் பெரியவர் பரிந்துரை தந்தார் என்பவை அதில் முன்னிற்கின்றன. பாடகர் ஒவ்வொருவரின் வாழ்க்கைக் குறிப்பும் பாடல்களின் இசைக்குறிப்பும் இணைக்கப்பட்டிருப்பதால் நூலின் ஆவண மதிப்பு மிகுதி. எனினும் அடிமை வாழ்வு அங்குக் கொடைக்கான சான்றாகவே பயன்படுகிறது. பாடகர் தாமே எடுத்த இசைமுடிவுகளுக்கு அந்நூலில் போதிய இடமில்லை.

ஷெப்பர்டின் குறிப்பு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. நினைவிலிருந்து எழுதியதற்குரிய தேர்வுகளும் விடுபாடுகளும் அதில் இருக்கக்கூடும். ஆயினும் தயக்கம், மறைவான பயிற்சி, மெல்ல மெல்லத் தம் பாடலின் பெருமையைத் தாமே உணர்ந்தமை ஆகிய மூன்றும் பாடகரின் கண்கொண்டு அங்கேயே பதிவாகின்றன. பைக்கின் நூலில் பயணம் வெளிநோக்கிச் செல்கிறது. ஷெப்பர்டின் குறிப்பில் அது பாடகரின் உள்நோக்கியும் செல்கிறது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்காத வரலாறு கணக்குப் பதிவேடாகவே எஞ்சும்.

5. ஒன்பதின்மரிலிருந்து நால்வருக்கு

இடைவிடாப் பயணத்தால் உடல்நலிவும் உட்பூசலும் பெருக, 1878-இல் குழு கலைந்தது. பின்னர் ஃபிரெடெரிக் லௌடினின் தலைமையில் பல்கலைக்கழகத்தைச் சாராத குழு ஒன்று 1884 முதல் 1890 வரை உலகப் பயணம் மேற்கொண்டது. பல்கலைக்கழகத்துக்குள் இம்மரபை மீட்டெடுத்தவர் ஆசிரியர் ஜான் வெஸ்லி வொர்க். அவரும் அவருடைய தம்பி ஃபிரெடெரிக் வொர்க்கும் பாடல்களைத் தேடித் திரட்டி நூல்களாக வெளியிட்டனர். காலப்போக்கில் கலப்புக் குழுவின் இடத்தை ஆடவர் நால்வர் குழு பெற்றது. வொர்க், ஜேம்ஸ் மையர்ஸ், ஆல்ஃபிரட் கிங், நோவா ரைடர் ஆகிய நால்வரும் பல்கலைக்கழகத்தின் பெயரால் ஊர்தோறும் பாடினர். 1909 டிசம்பரில் விக்டர் நிறுவனத்திற்காக இசைத்தட்டுகளில் பாடினர்.

இச்சுருக்கத்தின் காரணங்களைப் பயணத்தின் கட்டமைப்பிலேயே காணலாம். முதலாவது, செலவு. நால்வருக்கான தொடர்வண்டிக் கட்டணமும் உணவும் உறைவிடமும் ஒன்பதின்மருக்கு ஆவதில் பாதிக்கும் குறைவு. இரண்டாவது, இனப்பிரிவினை. 1896-இல் 'பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடர்வண்டிகளில் இனவாரியாகத் தனிப்பெட்டி ஒதுக்குவதை ஏற்றுக்கொண்டது. இளம்பெண்களை அப்பெட்டிகளில் நெடுந்தொலைவு அழைத்துச் செல்வதும், வழியில் அவர்களுக்குத் தங்குமிடம் தேடுவதும் முன்னினும் கடினமாயிருக்கும் என்று கருதுவது பொருந்தும். மூன்றாவது, சந்தை. ஆடவர் நால்வர் பாட்டு அன்றைய அமெரிக்காவில் பரவலாக விரும்பப்பட்டது. மின்முறை ஒலிப்பதிவு 1925-இல் வருவதற்கு முன், பாடகர்கள் உலோகக் குழல் ஒன்றின் முன் நெருங்கி நின்றே பாடினர். சிறிய குழுவின் இடைநிலை ஆண்குரல்களே அக்கருவிக்கு நன்கு வாய்த்தன. உயர்ந்த பெண்குரலின் செழுமையை அது முழுமையாகப் பிடிக்கவில்லை.

இசையமைப்பிலும் இதன் விளைவு ஆழமானது. பெண்களின் சொப்ரானோவும் கான்ட்ரால்டோவும் ஆண்களின் டெனரும் பேஸும் சேர்ந்த அமைப்பில் குரல்களிடையே அகன்ற வெளி உண்டு. இரு டெனர்களும் இரு பேஸ்களும் கொண்ட அமைப்பில் அவ்வெளி சுருங்கி, குரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டுகின்றன. ஒருவர் முன்னே பாட ஏனையோர் ஏற்றுப்பாடும் முறை நால்வரிடமும் தொடர்ந்தது. ஆனால் பலர் ஏற்கும் எதிர்க்குரல் இங்கு மூவரின் இசைவாகக் குறைந்தது. இசைத்தட்டின் சில நிமிட எல்லை, அவையின் மனநிலைக்கேற்ப அடிகளைக் கூட்டிக் குறைத்துப் பாடும் வாய்ப்பையும் நீக்கியது.

நால்வரின் பாட்டு தரம் குன்றியது என்பது இதன் பொருளன்று. அவர்கள் பாடிய 'ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்' பதிவு 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் செழித்த கறுப்பின 'ஜூபிலி நால்வர்' பாணிக்கும் அவர்கள் முன்னோடிகள். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 1871-இன் குழு இசைத்தட்டுக்கு முற்பட்டது. அதன் ஒலியை எவரும் கேட்க இயலாது. ஆகவே 'ஃபிஸ்க் பாடகரின் ஒலி' என்று பின்வந்தோர் செவியில் நிலைத்தது ஆடவர் நால்வரின் ஒலியே. தாம் உருவாக்கிய பாடுமுறை பெண்குரல் இன்றி இசைத்தட்டில் ஒலித்த காலத்திலேயே ஷெப்பர்டு தம் நினைவுகளை எழுதினார், 1914-இல் மறைந்தார்.

இம்மாற்றம் நிலையானதாக இருக்கவில்லை என்பதும் கூறத்தக்கது. பின்னர் ஜேம்ஸ் மையர்ஸின் மனைவி ஹென்ரியெட்டா மையர்ஸ் குழுவில் பாடியதோடு அதற்குத் தலைமையும் ஏற்று 1947 வரை நடத்தினார்.

6. தூய்மை வாதத்தின் எல்லைகள்

ஃபிஸ்க் மாணவராக இருந்த டூபாய்ஸ், 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' என்னும் நூலின் இறுதி இயலில் இக்குழுவைப் போற்றுகிறார். அவ்விடத்திலேயே, பின்வந்த சிலர் இப்பாடல்களை நன்கு பின்பற்றியதாகவும், ஊர்சுற்றும் நால்வர் குழுக்கள் மோசமாகப் பின்பற்றியதாகவும் வேறுபடுத்துகிறார். 1903-இல் இவ்வாறு எழுதப்பட்ட ஆறாண்டுகளில் ஃபிஸ்க்கின் நால்வர் குழுவே இசைத்தட்டில் பாடியது. டூபாய்ஸின் அளவுகோல் பாடலின் தரமே. நால்வராகக் குறைந்ததில் விலக்கப்பட்டவர் யார் என்பது அவ்வளவுகோலில் அகப்படவில்லை.

ஹர்ஸ்டனின் மறுப்பு இதனினும் கடுமையானது. கச்சேரிப் பாடகரும் கல்லூரிக் குழுக்களும் பாடுபவை உண்மையான ஸ்பிரிச்சுவல் அல்ல. அவற்றைத் தழுவி இயற்றப்பட்ட புதியவை என்கிறார். உண்மைப் பாடல் வழிபாட்டுக் கூட்டத்தில் பிறப்பது. ஒருமுறை போல் மறுமுறை ஒலிக்காதது. மழுப்பப்படாத இசைவுகளைக் கொண்டது என்பது அவருடைய கருத்து. களஆய்வில் நேரில் கேட்டறிந்தவர் என்பதால் அவரது விளக்கத்திற்கு வலிமை உண்டு. பாடலின் இயல்பைப் பற்றிய அவருடைய வரையறை ஏற்கத்தக்கதே.

ஆயின் அவ்வரையறையிலிருந்து பெறப்படும் மதிப்பீட்டில் இரு குறைகள் உள்ளன. ஒன்று, கல்லூரிக் குழுக்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாக்குவதால் 1871-இன் குழுவிற்கும் 1909-இன் குழுவிற்கும் உள்ள வேறுபாடு மறைகிறது. முன்னவர் அப்பாடல்களைத் தம் பெற்றோரிடமும் சுற்றத்தாரிடமும் கேட்டு வளர்ந்தவர்கள்; பின்னவர் காலத்தில் அவை பெருமளவு அச்சேறிவிட்டன. மற்றொன்று, வழிபாட்டுக் கூட்டத்தில் பெண்களும் ஆண்களும் சேர்ந்தே பாடினர். இயல்பு கெட்டது என்று வருந்தும் திறனாய்வு, அக்கூட்டத்தில் ஒலித்த பெண்குரல் நால்வர் குழுவில் இல்லாமல்போனதைத் தன் குறைப்பட்டியலில் முதன்மையாகச் சேர்த்திருக்க வேண்டும். ஒத்திசைவு செம்மையானதைக் குறையாகக் கண்ட செவிக்கு, பாடியவருள் ஒரு சாரார் இல்லாமையும் குறையாகப் பட்டிருக்க வேண்டும்.

7. முடிவுரை

ஃபிஸ்க் குழுவின் வரலாற்றில் சுற்றுப்பயணம் இருமுறை தேர்ந்தெடுத்தது. முதல்முறை, மறைவில் பாடப்பட்டதைப் பொதுமேடைக்குத் தேர்ந்தது. பாடகர்களின் தயக்கமும் உடன்பாடும் அதில் சேர்ந்திருந்தன. பாடியவருள் பெண்களே மிகுதி. இரண்டாம் முறை, பலருள் நால்வரைத் தேர்ந்தது. செலவும் சட்டமும் சந்தையும் கருவியும் அத்தேர்வை வழிநடத்தின. முதல் தேர்வைப் பற்றியே திறனாய்வு பெரிதும் வாதிட்டது. இரண்டாவது தேர்வை இயல்பான நிகழ்வாக எடுத்துக்கொண்டது.

எனவே, பாடல் தூயதா அன்றா என்னும் வினாவை எழுப்புமுன், பயணத்திற்கு யார் அழைக்கப்பட்டனர், யார் விடப்பட்டனர் என்னும் வினாவை எழுப்புவது தேவையாகிறது. 1909-இன் பதிவைக் கேட்போர் அதனை 1871-இன் எதிரொலியாகக் கொள்ளாமல், குறிப்பிட்ட சூழலில் நான்கு ஆடவர் உருவாக்கிய தனிக்கலையாகக் கேட்பதே அந்நால்வருக்குச் செய்யும் நேர்மையாகும். எல்லா ஷெப்பர்டையும் அவருடன் புறப்பட்ட நான்கு பெண்களையும் பற்றி அறிய அப்பதிவு உதவாது. அவர்களின் பங்கை அச்சிட்ட இசைக்குறிப்புகளிலிருந்தும் ஷெப்பர்டு விட்டுச்சென்ற நினைவுக்குறிப்பிலிருந்துமே மீட்டெடுக்க வேண்டியுள்ளது.